கோடு நின்ற இடம்

லோமக்கோசியின் கையில்
பேனாவால் நேரம் எழுதினேன்:
இரண்டு பத்து, மணிக்கட்டு.
மூன்று, அதற்கு மேலே நாலு விரற்கடை.

பாயில் புரண்டபோது கடித்ததாம்,
எச்சில் உமிழும் நாகம்.
கரும்பு லாரியில் ஏற்றிவந்த தம்பி
புஜத்தில் இறுக்கியிருந்த ஷூலேஸை
மருந்து ஏறத் தொடங்கிய பிறகே
மெல்லத் தளர்த்தினேன்.

மோதிரம்தான் கழலவில்லை.
“வெட்டாதே, சுரங்கத்துச் சம்பளம் அது” என்றாள்
வாந்திக்கு நடுவே.
வெட்டினேன்.

நாலே கால். கோடு தாண்டவில்லை.
ஐந்து. தாண்டவில்லை.
லுபோம்போ மலைக்குப் பின்னால் வெளுத்தது.

கறுத்துச் செத்த புறங்கைக்குத்
தொடைத்தோல் வைத்துத் தைத்தது ஆறாம் வாரம்.
வெயிலே பார்க்காத தோல்
இனி கரும்பு வெட்டும்.

நேற்று வந்தாள். மோதிரத்தைக் கேட்கவில்லை.
“எங்கே நின்றது?”
முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினேன்.
அங்கே ஒன்றுமே இல்லை.