குறைந்தது ஒன்று

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை
மிர்பாத்திலிருந்து மலை ஏறுகிறோம்.
வண்டி என் பொறுப்பு. பாதை முசல்லத்தின் பொறுப்பு.
பேட்டரி, மெமரி கார்டு,
லென்ஸ் துடைக்க என் பழைய பனியன்.

கரீஃப் பனிக்கும் கேமராவுக்கும் ஆகாது:
பனி நகர்ந்தாலே ஒரு படம்.
நாலாயிரத்து முந்நூறில் பாதி வெறும் வெள்ளை.
அப்புறம் ஒட்டகம். ஒட்டகத்தின் உதடு மட்டும்.
முள்ளம்பன்றி. குட்டியோடு கழுதைப்புலி.
ஒட்டகம் தேடி வந்த ஒரு பையன்
லென்ஸுக்கு முன் நின்று தலை வாரிக்கொள்கிறான்.

'நிம்ர்' என்றான் முசல்லம், மூச்சோடு.
சிறுத்தைக்கும் புலிக்கும் அவனுக்கு ஒரே சொல்.
என் முதுகுக்குப் புலி என்றே கேட்டது.

ஏழாம் கேமராவில் இடது விலா,
பின்னிரவு இரண்டு பத்து.
ஒன்பதாம் கேமராவில் வலது விலா,
நான்கு நாள் கழித்து.
இடப்பக்கத்துப் புள்ளிகள் வலப்பக்கத்தில் இருக்காது.
ஒரே உடம்பா, இரண்டா?
துரையா டாக்டர் லாப்டாப்பை
இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு
எழுதினார்: குறைந்தது ஒன்று.

அதே கார்டுகளில் நானும் இருந்தேன்.
ஏழில், ஏறும்போது, இடது தோளும் பையும்.
ஒன்பதில், இறங்கும்போது, வலது தோள்,
செருப்பு அறுந்து நொண்டியபடி.
"இது யார்?" என்றார் டாக்டர்.
முசல்லம் சிரிக்கவே இல்லை:
"குறைந்தது ஓர் இந்தியன்."

இந்த முறை ஏழுக்கு எதிரே
இன்னொரு கேமரா கட்டினோம்,
இரண்டு பக்கமும் ஒரே நொடியில் விழ.
கயிற்றை இறுக்கக் குனிந்தேன்.
சேற்றில் ஒரு தடம்,
ஓரம் இன்னும் இடிந்து விழவில்லை.
அளவுகோல் கீழே, வண்டியில்.
கையை அருகில் வைத்துப் பார்த்தேன்:
நாலு விரல்,
கொஞ்சம் குறைய.