நன்கு அறிவேன்

வியாழன் பதினொரு மணிக்குக் கையெழுத்து.
உறுதி அச்சாகி மேசையில் கிடந்தது:
ஊர்காவற்றுறை, பதினேழு பரப்பு,
மூன்றே முக்கால் குழி.
எல்லைகளை நானே நடந்து பார்த்திருந்தேன்.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே கோவிற் காணி,
தெற்கே இரண்டு சகோதரர் பேசாமல் வாழும் வளவு,
மேற்கே கடல்.
நாலு அயலவரில்
வழக்குக்கு வராதது அது ஒன்றுதான்.

வாங்குவது நண்டு பதனிடும் கொம்பனி.
என் கட்சிக்காரர். நல்ல கட்சிக்காரர்,
சொன்ன நாளில் காசோலை வரும்.
விற்பவர் ஸ்காபரோவில்.
அரியரத்தினம், வயது எண்பத்துமூன்று.
அவருக்காக ஒப்பமிட மருமகன் கேதாரநாதன்
அற்றோணித் தத்துவத்தோடு வந்திருந்தார்.
பிசகில்லாத பத்திரம்.
மூன்று தரம் வாசித்தும் ஒரு பிழை இல்லை.

நொத்தாரிசுமார் பேப்பரைப்
பின்பக்கத்திலிருந்துதான் திறப்போம்.
அன்று காலை, தேத்தண்ணி ஆறுமுன்,
ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும்
கனடாவை வதிவிடமாகவும் கொண்டவர்
செவ்வாயன்று இறைபதம் எய்தியிருந்தார்.
கறுப்புக் கோட்டுக்குள்
கழுத்துப் பட்டியோடு சிரித்தார்.

கொடுத்தவர் மூச்சு நின்றால்
கொடுத்த அதிகாரமும் நிற்கும்.
முதலாம் வருட மாணவிக்கும் தெரியும்.
கேதாரநாதனுக்கும் தெரிந்திருந்தது.
அவர் மறைக்கவில்லை, அழவும் இல்லை.
"மிஸ், மாமா விக்கத்தான் சொன்னவர்.
திங்கள் எண்டு போடுங்கோ.
திங்கள் உயிரோட இருந்தவர்தானே."

பொய் என்று தள்ளவும் முடியவில்லை.
போன கிழமை வட்சப்பில் கிழவர் என்னோடும் கதைத்தவர்.
"பிள்ளை, கெதியாய் முடிச்சு விடு" என்றார்,
திரையில் பாதி நெற்றி மட்டும் தெரிய.
அவர் சொன்ன விலை. அவர் சொன்ன ஆள்.
ஒரேயொரு திகதிதான்
எங்கள் எல்லாருக்கும் குறுக்கே நின்றது.

கொம்பனி மனேஜர் போனைப் பார்த்தபடி இருந்தார்.
கேட்காமலே கேட்க அவருக்குத் தெரியும்.

உறுதியின் கடைசிப் பந்தியை
நான் இரண்டாயிரம் தரமாவது எழுதியிருப்பேன்:
ஒப்பமிட்டவரை நான் நன்கு அறிவேன்,
சாட்சிகளை அறிவேன்,
எல்லோரும் ஒருங்கே, என் முன்னிலையில்,
இன்ன நாளில்.
ஆளை அறியாவிட்டாலும் பரவாயில்லை
என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

சுத்தமான கை என்று சொல்ல மாட்டேன்.
ஏழு வருடத்துக்கு முந்தி
ஒரு சாட்சி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.
வந்திருந்தார் என்று எழுதி முடித்தேன்.
பத்து நிமிடத்தில் வந்தார், வேர்த்துப்போய்,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.
ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை.
அந்தப் பத்து நிமிடம்
காணிப் பதிவகத்தில் இன்னும் இருக்கிறது.

"திங்கள் நான் மல்லாகம் கோட்டில நிண்டனான்" என்றேன்.
அதுவும் முழுக் காரணம் இல்லை.
மரணச் சான்றிதழ், உரிமையாளர் மூவர்,
நிர்வாக வழக்கு, ஒரு வருடமாவது.
பேனையை மூடினேன்.
வாங்கிய கட்டணத்தை எண்ணி வைத்தேன்.
மனேஜர் எண்ணிப் பார்த்தார்.
"பரவாயில்லை மிஸ்.
அங்கால றோட்டில வேற ஆக்கள் இருக்கினம்."
உண்மை. இருக்கினம்.

ஆறரைக்குப் போன்.
அங்கே காலை, பின்னால் யாரோ
பனி வழிக்கும் சத்தம்.
"நான் சுபோதினி, அவரின்ர கடைசி மகள்.
அப்பாவின்ர காணி... ஏதும் நடக்குதோ மிஸ்?"

நான் அறிந்ததெல்லாம்
கட்சிக்காரர் என் அறைக்குள் சொன்னது.
கட்டணத்தைத் திருப்பலாம்,
கேட்ட காதைத் திருப்ப வழியில்லை.

"நான் உங்கட சட்டத்தரணி இல்லைத் தங்கச்சி.
யாழ்ப்பாணத்தில ஒரு ஆளைப் பிடியுங்கோ,
நாளைக்கே."

வைத்த பிறகும் கொஞ்ச நேரம்
அந்த 'ஏ'யைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
எவ்வளவு நீட்டினேன்?
நீட்டியது குற்றமா,
இன்னும் கொஞ்சம் நீட்டாமல் விட்டது குற்றமா?

தவமலர் டயறியோடு வாசலில் நின்றாள்.
"வியாழன் பதினொரு மணிக்கு
என்ன நடந்ததெண்டு எழுதிறது மிஸ்?"