குழிக்கு முந்தின நெருப்பு

ஜனவரியில் சாகிறவன்
குழி வெட்டுகிறவனைப் பற்றி நினைப்பதில்லை.
புக்கோவினா மண் இரண்டு முழ ஆழத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது.
கடப்பாரையை இறக்கினால்
பொறி பறக்கிறது, மண் பெயரவில்லை.
அதனால் முதலில் நெருப்பு.
ஓர் ஆள் நீளத்துக்கு விறகடுக்கி
இரண்டு இரவு எரிய விட வேண்டும்,
அணையாமல் காத்திருக்க வேண்டும்.

படுக்கப் போகிறவன் தோடேர்.
ஐம்பத்திரண்டாம் வருஷம்
என் அப்பாவின் பெயரைக்
கால் தாளில் எழுதிக் கொடுத்தவன்.
அந்தத் தாளைப் பார்த்துவிட்டேன்,
அரசாங்கக் காப்பகத்தில்,
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.
அழகான கையெழுத்து.
அப்பா பெயரில் மட்டும் ஒரு பிழை.

கால்வாய் வெட்டக் கொண்டுபோனார்கள் அவரை.
ஊருக்கெல்லாம் குழி வெட்டியவருக்கு
யார் வெட்டினார்கள்,
வெட்டத்தான் செய்தார்களா,
எந்தத் தாளிலும் இல்லை.

பாதிரியார் எஃப்திமியே அப்போது சொன்னாராம்:
கோபமும் இரக்கமும் கர்த்தருக்கு இரண்டு கைகள்.
எங்களைத் தொட்டது எந்தக் கை என்று
அம்மா கேட்டாள்.
அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து பார்த்தால்
கோயிலின் மேற்குச் சுவர்.
ஐந்நூறு வருஷ மழைக்கு மிஞ்சின நியாயத்தீர்ப்பு.
சிறுவயதில் எனக்குக் கீழ் மூலை போதும்:
தின்றதையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் மிருகங்கள்.
கரடியின் வாயில் ஒரு கை.
மீனின் வாயில் ஒரு கால்.
வரைந்தவன் சிங்கத்தைக் கண்டதே இல்லை போலும்,
அது பூனை முகத்தோடு
ஒரு தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது,
வெட்கப்பட்டதுபோல.
கால்வாய் எப்போது கொடுக்கும் என்று
அங்கேயே நின்றிருக்கிறேன், பனிக்காலம் பல.

மற்றபடி அந்தத் தீயாறு.
மேலிருந்து இறங்க இறங்க அகலமாகிறது.
ராஜாக்கள், துருக்கியர்,
தலைப்பாகையோடு ஒரு பேராயர்கூட மிதக்கிறார்.
நான் தோடேரையும் இறக்குவேன்,
ஞாயிறுதோறும், கழுத்துவரை.
பூசை முடிந்து வெளியே வந்தால்
அவன் எனக்கு வணக்கம் சொல்வான்.

நேற்று இரவு என் விறகு உயர எரிந்தபோது
சுவர் முழுக்கச் சிவந்தது.
அன்றைக்குத்தான் ஆற்றைக் கீழிருந்து மேலாகப் படித்தேன்.
எங்கே ஊறுகிறது?
பிசாசின் தொண்டையில் என்றே
அறுபது வருஷம் இருந்துவிட்டேன்.
இல்லை.
சிம்மாசனத்துக்குக் கீழே,
ஆணித் தழும்புள்ள அதே பாதத்தில்.
சுவரில் வேறு ஊற்றில்லை.
வலப்பக்கத்துப் பரிசுத்தவான்கள் முகத்தில்
பொன்னாய் விழுகிற வெளிச்சத்துக்கும்
வேறு விளக்கு வரையப்படவில்லை.

நடுநிசிக்கு விறகு தீர்ந்தது.
போகட்டும், அணையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
அக்சினியா வந்தாள், அவன் பெண்டாட்டி,
பனிச்சறுக்கு வண்டியில் தன் வேலிப் பலகைகளை ஏற்றிக்கொண்டு.
ஆணிகள்கூடப் பிடுங்கவில்லை.
ஒரு தட்டில் அவித்த கோதுமை, மேலே வால்நட்.
மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.
நெருப்பைப் பார்த்துச் சொன்னாள்:
"நிகனோர், கொஞ்சம் ஆழமாய் வெட்டு.
இந்த வருஷம் நரி அதிகம்."

இரண்டடியோடு நிறுத்துவதாய் இருந்தேன்.
பெட்டி இறங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது.
நரிக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரிந்திருந்தது.

கோதுமையைத் தின்றேன்.
பசித்தது, தின்றேன், அவ்வளவுதான்.
பிறகு அவள் வேலியை
ஒவ்வொரு பலகையாகத் தீயில் வைத்தேன்.
சாயம் பூசின பலகை, பச்சையாக எரிந்தது.

விடிந்ததும் சாம்பலை ஒதுக்கினேன்.
கீழே மண் கறுப்பாய், ஈரமாய்,
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
கடப்பாரை வேண்டியிருக்கவில்லை.
சுட்ட ரொட்டியில் கத்தி இறங்குவதுபோல
இறங்கிற்று மண்வெட்டி.

மன்னித்தாயா என்று
கேட்க வேண்டியவர் கேட்கட்டும்,
எனக்குப் பதில் தெரியாது.
ஆறடி வெட்டினேன்.
ஏறி வெளியே வந்தபோது
கையுறைகள் குழி ஓரத்தில் கிடந்தன.
எப்போது கழற்றினேன் என்று
ஞாபகமில்லை.