ஈரப்பதம்

கருவியின் சின்னக் குழிக்குள்
ஒரு கைப்பிடி நெல்லைத் திணித்துத் திருகினேன்.
இருபத்துநான்கு.
பதினேழைத் தாண்டினால் எடுக்கக் கூடாது.
"காயவச்சுக் கொண்டா" என்றேன்.
தையல்நாயகி வானத்தைப் பார்த்தாள்.
ஐப்பசி. பொறையாற்றுக்கு மேலே
கடலிலிருந்து இன்னொன்று கறுத்து வந்தது.

நாற்பது மூட்டை. நான்கு நாளாய் ரோட்டோரம்.
தார்ப்பாய்க்கு அடியில் கை விட்டால்
காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது.

எனக்கு மாசிலாமணி என்று பெயர்.
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
ஞாயிறுதோறும் கோயிலில் பாடம் வாசிப்பவன்,
பதினொரு வருஷமாய்.
குரல் நன்றாக இருக்கும் என்பார்கள்.
இரட்சிப்பு, ஈடு, மீட்பு, கிருபை
எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இறக்க வேண்டும்
எல்லாம் தெரியும்.
உள்ளதைச் சொன்னால்
மீட்பு என்ற சொல் எனக்கு முழுசாய்ப் புரிந்தது
நகைக்கடன் ரசீதில் மட்டும்தான்.

மூட்டை தூக்கும் உத்திராபதிக்கு
மூன்று மா குத்தகை. மழைக்கு முன்பே அறுத்துவிட்டான்.
அவன் நெல் பதினாறு. அள்ளினால் சலசலக்கும்.
அன்றைக்கு எடை போட அவன் முறை.
"சார், என் நெல்ல தையலு பேர்ல போடுங்க.
தையலோடத நான் வச்சுக்கறேன்."

குடித்திருக்கிறானா என்று முகர்ந்து பார்த்தேன்.
பீடி வாடைதான்.
உறவா? இல்லை. தெருகூட வேறு.
போன வருஷம் வரப்புத் தகராறில்
அவன் மேல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தவள் அவள்.

எடை ஏறியது. சாக்கைத் தைத்தார்கள்.
மூட்டைக்கு நாற்பது ரூபாய்
எல்லாரிடமும் வாங்குவது வழக்கம்.
அன்றைக்கும் கேட்டேன்.
அவள் முந்தானை முடிச்சை அவிழ்ப்பதற்குள்
ஆயிரத்து அறுநூறையும் அவனே எண்ணி வைத்தான்,
என் மேசையில்,
என் கண்ணைப் பார்க்காமல்.

ராத்திரி முழுக்க மழை.

ஞாயிற்றுக்கிழமை வாசிக்க எழுந்தேன்.
சட்டைப் பையில் அந்தப் பணம், மடித்தபடி.
ஒருவனுக்குப் பதிலாய் ஒருவன் என்று வரும் இடத்தில்
வழக்கமாய்க் குரலை இறக்குவேன்.
குரலே வரவில்லை.
முன்வரிசையிலிருந்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.
தண்ணீர் இறங்கியது. சொல் ஏறவில்லை.
காணிக்கைப் பை வந்தது.
அதில் போட்டால் தப்பித்துவிடுவேன் என்று தோன்றியது.
போடவில்லை.

மத்தியானம் அவனிடம் போனேன்.
மூட்டை வாய்களில் பச்சை முளை.
சாக்கின் இழைகளுக்கு நடுவே வெள்ளை வேர்.
வாத்து மேய்ப்பவன் ஒருவன் பேரம் பேசிக்கொண்டிருந்தான்,
கிலோ நான்கு ரூபாய்.

"ஏன்யா இப்படிப் பண்ணுன?"
உத்திராபதி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.
"சும்மாதான் சார்."

சும்மா.
நான் வாசிக்கும் பாடத்தில்
அதற்கு வேறு பெயர் போட்டிருக்கிறது.
பதினொரு வருஷமாய் அந்தப் பெயரை
நல்ல உச்சரிப்போடு சொல்லி வந்திருக்கிறேன்.

பணத்தை நீட்டினேன்.
வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
தூறல் விழுந்தது.
"இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க சார்" என்றான்
தார்ப்பாயை உதறி.
கையில் நோட்டை வைத்துக்கொண்டு
எப்படிப் பிடிப்பது என்று நின்றேன்.

"அத எங்கயாச்சும் வைங்க சார்,
நனையுது பாருங்க."