முப்பத்துமூன்று கிராம்

தராசு தள்ளாடாமல் இருக்க
யன்னலைச் சாத்துகிறேன்.
முல்லைத்தீவுக் காற்றுக்கு
ஆய்வுகூடமும் மீன்வாடியும் ஒன்றுதான்.

பத்தாம் ஆண்டு, இரண்டாம் பாடவேளை:
கரைதிறனில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்.
என் வேலை குழாய் கழுவுவது,
முகவை எண்ணுவது,
உடைந்தால் உடைவுப் புத்தகத்தில் எழுதுவது.
ஆனாலும் காது திறந்துதானே கிடக்கிறது.

கட்டி உப்பு மெதுவாய்ப் போனது.
இடித்த உப்பு கெதியாய்ப் போனது.
போன அளவு ஒன்றே.
கலக்கினாலும் அப்படித்தான்.
"அவசரம் நேரத்தை மாற்றும், அளவை மாற்றாது"
என்று எழுதிய டிலக்சன்
முதற்சொல்லை வெட்டிவிட்டு
"கலக்குதல்" என்று மேலே எழுதினான்.
எனக்கு வெட்டினதுதான் பிடித்தது.

மண்ணெண்ணெயில் போட்ட உப்பு
போட்டபடி கிடந்தது.
கண்ணாடிக் கோல் கைமாறிக் கைமாறிச் சுற்றியும்
ஒரு பருக்கைகூட இளகவில்லை.

பிறகு சூடு.
வெடியுப்பு என்றால் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும்,
அதனால் ரீச்சர்
பொட்டாசியம் நைத்திரேற்று என்றே சொல்லுவா.
சுடுதண்ணி அதை அள்ளியள்ளி விழுங்கும்,
ஆற ஆற
ஊசி ஊசியாய்த் திருப்பித் தரும்.
கறியுப்புக்குச் சூடு பெரிதாய் உறைக்காது.
கிணற்றுத் தண்ணியில் உள்ள சுண்ணாம்போ நேர்மாறு:
கொதிக்கக் கொதிக்க வெளியே வந்து
எங்கள் தேத்தண்ணிக் கேத்திலின் அடியில்
வெள்ளையாய் ஒட்டிக்கொள்ளும்.
மாதம் ஒருக்கா தேசிக்காய் விட்டுச் சுரண்டுகிறேன்.

வட்டுவாகலில் இருந்து வரும் தனுசாளினி
காய்ச்சி வடித்த நீரை எடுக்கவில்லை.
பையிலிருந்து ஒரு சோடாப் போத்தல்.
"பாலத்தடியில அள்ளினது, மிஸ்."
ஏன் என்று ரீச்சர் கேட்கவில்லை.
நான் கேட்கிற ஆள் இல்லை.

மேசைக்கு மேசை முப்பத்தாறு கிராம்.
அவளுடையது முப்பத்துமூன்றில் நின்றது.
முப்பத்துநாலாவது
அடியில் குந்திக்கொண்டது.
"பிழை, இன்னும் கலக்கு" என்றான் பக்கத்து மேசை.
கலக்கினாள்.
சுழன்று, மினுங்கி,
கோல் நின்றதும் திரும்பவும் அதே இடத்தில்.

பொது அயன், அது உயர்தரத்தில் வரும்,
இப்ப தேவையில்லை என்றா ரீச்சர்.
ஏற்கெனவே உள்ளே இருப்பதும்
ஒரு காரணி என்று
பலகையில் இருந்த பட்டியலில் இல்லை.

அட்டவணைக்குக் கீழே
அடிமட்டம் வைத்து இன்னொரு நிரை கீறினாள்.
தண்ணீர் எடுத்த இடம்: வட்டுவாகல்.
கரைந்தது: 33.
அழிறப்பர் கையில் இருந்தது.
அழிக்கவில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் போனபின்
அரைப் போத்தல் மிச்சம் மேசையில்.
தொட்டியில் ஊற்றவேண்டியதுதான் முறை.
நூறு மில்லிலீற்றர் அளந்து
பீங்கான் கிண்ணத்தில் விட்டு
சுடரைக் குறைத்து வற்றவைத்தேன்.
மூன்று கிராமும் சொச்சமும்.
சாம்பல் கலந்த வெள்ளை.
நாக்கில் வைக்கவில்லை.

முப்பத்துமூன்றும் மூன்றும்.
அவளுடைய கணக்கில் பிழை இல்லை.

உடைவுப் புத்தகத்தைத் திறந்து திகதி போட்டேன்.
பொருளின் பெயர், எண்ணிக்கை, காரணம்
மூன்று கட்டங்களும்
வெறுமனே கிடக்க
ஐந்து மணி பஸ் ஹோர்ன் அடித்தது.

காலையில் வந்து பார்த்தால்
யாரும் ஒரு சொட்டும் விடாத கிண்ணத்தில்
இரவுக் காற்றின் ஈரத்தை இழுத்து
பாதி உப்பு
தண்ணியாகிக் கிடந்தது.