ஒன்பது இறாத்தல்

பண்டாரவளைச் சந்தையில்
குக்கர் மூடிகளுக்கும் ஒற்றைச் சப்பாத்துகளுக்கும் நடுவே
முகம் கவிழ்ந்து கிடந்தது கிட்டார்.
துவான் ரஸீன் இருபதாயிரம் என்றார்.
"வயிறு பிளந்திருக்கே."
"பிளந்தா என்ன, உள்ளுக்கும் பார்க்கலாம்."
பதினான்குக்கு முடிந்தது.

ரயிலில் அதற்கும் ஓர் இருக்கை கொடுத்தேன்.
தியத்தலாவையில் ஏறிய சிப்பாய்
அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.
அப்புத்தளையில் நான் எழுந்தபோது
ஒரு வார்த்தை பேசாமல் திருப்பித் தந்தான்.

வீட்டில் திலகேஸ்வரியிடம் நாலாயிரம் என்றேன்.
மீதிப் பத்தாயிரம்
அன்றிலிருந்து நாக்கின் கீழ்
புளியங்கொட்டையாய்க் கிடந்தது.

கம்பெனிப் பெயர் எங்குமில்லை.
தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் திருத்துகிறவன் நான்.
போல்ட் இல்லாத பொருளைத் தொட
கை கொஞ்சம் கூசும்.
பல் வைத்தியரின் கம்பவுண்டரிடம் இரவல் வாங்கிய
குட்டிக் கண்ணாடியைத் துளைக்குள் விட்டு
டோர்ச் அடித்தேன்.
எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது.
முதுகுப் பலகை ஒரு தேயிலைப் பெட்டி.
ஸ்டென்சில் எழுத்தில் முன் இலக்கம் வாளோடு போய்விட
ஒன்பது இறாத்தல் மட்டும் மிச்சம்.
விலாச் சட்டங்களில் ஒன்று பள்ளிக்கூட அடிமட்டம்;
ஏழாம் அங்குலத்திலிருந்து பத்து வரை
இன்னும் வாசிக்கலாம்.
மெட்டுப் பலகை கித்துள், கறுப்பு வரி ஓடியது.
செய்தவன் பெயரில்லை.
பென்சிலில் ஒரு கூட்டல் கணக்கு,
அதுவும் பிழை.

வச்சிரம் காய்ச்சினேன்.
சோற்றுப் பானைக்குப் பக்கத்து அடுப்பில்
மாட்டுத்தோல் நாற்றம்.
"இது போற வரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு ஸ்தோப்பில."
சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி
உடம்பு முழுக்க இறுக்கிச் சுற்றினேன்.
மூன்று இரவு ஜன்னலைக் கோணியால் அடைத்தேன்.
மூடுபனிக்குக் கோணி ஒரு பொருட்டா.
நாலாம் நாள் அதே இடத்தில் வாய் திறந்தது.
மறுபடி வச்சிரம். மறுபடி ஸ்தோப்பு.

எலும்பு கசாப்புக்கடையில் கிடைத்தது.
அவித்து, அரத்தில் தேய்த்து, உப்புத்தாளில் மினுக்கி
முனைக்கு ஒன்று, அடிக்கு ஒன்று.
அடி எலும்பு உட்காரும் பள்ளமோ
நான் பார்த்த கிட்டார்களுக்கெல்லாம்
எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.
அடிமட்டத்தை உடைத்து உள்ளே ஒட்டியவனுக்கு
அளப்பதற்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்
என்று சிரித்தேன்.

கண்டியிலிருந்து கம்பிகள் வந்தன.
வெறும் கம்பி ஒழுங்காகத்தான் பேசியது.
ஐந்தாம் மெட்டில் ஒரு முனகல்.
பன்னிரண்டில் பச்சைப் பொய்.
ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டி,
பள்ளத்தை அடைத்துப் புதிதாக வெட்டுவதென்று
உளி தீட்டி வைத்தது வியாழன் இரவு.

வெள்ளி, போயா.
முகம் கழுவிவிட்டு வந்தால்
கட்டில் விளிம்பில் திலகேஸ்வரி.
மடியில் அது,
கழுத்து அவளுடைய வலப்பக்கம் நீட்டி.
பந்தியில் ஒருநாள் என் அக்கா
அகப்பையைப் பிடுங்கினாளே,
அந்த இடக்கையால்
கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கழுத்தின் விளிம்பில் சின்ன வெள்ளைப் புள்ளிகள்
அவள் முகத்தைப் பார்த்திருந்தன.
நான் வைத்திருந்தபோதெல்லாம்
தரையைப் பார்த்தவை.

உளியைத் துணியில் சுற்றி வைத்தேன்.
ஆறு கம்பியையும் அவிழ்த்து வரிசை மாற்ற,
முனை எலும்பை எறிந்துவிட்டு வேறு செய்ய,
மத்தியானமாயிற்று.
பன்னிரண்டாம் மெட்டு
கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது.

அவளுக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது.
எனக்குத் தெரிந்த ரெண்டும் இப்போது தலைகீழ்.
தடித்த கம்பியை ஒருதரம் தட்டி
அது அடங்கும்வரை வயிற்றோடு வைத்திருந்து
"உண்மையில எவ்வளவு?" என்றாள்.

"பதினாலு."

இன்னொருதரம் தட்டினாள்.
"ரஸீன் நானா அப்பவே சொல்லிட்டார்.
குக்கர் மூடிக்குப் போயிருந்தேன்."

அடுத்த கம்பிக்குப் போனாள்.