இருக்கட்டும்

கோவையிலிருந்து முதல் பஸ் பிடித்து
மூன்று கோணிச் சாக்கோடு வந்திறங்கினாள் ஜெனிட்டா.
சாக்குகளின் மேல் மார்க்கரில் எழுதியிருந்தாள்:
வேணும். வேண்டாம். யோசிக்கணும்.
பத்து மணிக்கெல்லாம் மூன்றாவது நிரம்பிவிட்டது.

மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றாள்.
கேத்தியில் அப்படியொரு காலம்
எந்த வருஷம் இருந்தது என்று கேட்டார் அவள் அப்பா.
கேட்டவர் கேரட் லாரி பார்க்கப் போய்
மத்தியானம் வரை திரும்பவில்லை.

கட்டிலுக்கடியில் ஏழு குடைகள்.
கம்பி நன்றாயிருந்தால் துணி இல்லை,
துணி நன்றாயிருந்தால் பிடி இல்லை.
ஏழிலிருந்து மூன்று தேற்றலாமே என்றேன்.
யாரும்மா தேற்றுவது?
இருக்கட்டும்.

வலது கைக்கு மட்டும் ஐந்து கையுறைகள்.
இடது கைகள் எங்கே போயிருக்கும்,
ஸ்வெட்டரோடு ஸ்வெட்டராக எங்காவது
தேயிலைக் காட்டில் குளிர் காய்கின்றனவோ என்னவோ.
இருக்கட்டும்.

தைல பாட்டில்கள், வர்க்கி வந்த டின்கள்,
மலையில் தடை வந்த நாளிலிருந்து
நான் தங்கம்போல் மடித்து வைத்திருக்கும்
பிளாஸ்டிக் கவர்கள். ஒரு கவருக்குள் நூறு கவர்.
இதை வெளியே போட்டால் அபராதம், தெரியுமா என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

சில வேலைகளைப் பூஞ்சை முடித்து வைத்திருந்தது.
அவர் ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்ட ஷூ
வெள்ளையாய் ரோமம் வளர்த்து
ஏதோ பிராணிபோல் மூலையில் உட்கார்ந்திருந்தது.
அதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாதியக்காவைக் கூப்பிட்டு
பிரிக்காத டின்னர் செட்டைக் கொடுத்தேன்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இது உன் வீடு பால் காய்ச்சியபோது
நான் கொடுத்ததாச்சே என்றாள்.
கொடுத்ததை வாங்கிக்கொண்டு
படியிறங்கிப் போனாள். கோபமா என்று தெரியவில்லை,
பனி மூடிவிட்டது.

மூன்று மணிக்கு, தையல் மெஷின் இழுப்பறைக்குள்ளிருந்து
ஜெனிட்டா அதை எடுத்தாள்.
ரப்பர் பேண்ட் சுற்றிய ரிமோட்.
பின்மூடி இல்லை. பேட்டரி கசிந்து
பச்சையாய்ப் பொரிந்திருந்தது.
இது எந்த டிவிக்கும்மா?

அந்த நவம்பரில், ராத்திரி ஒன்றரைக்கு,
மேல்வீட்டுச் சுவர் முனகியபோது
பத்து நிமிஷம் இருந்தது எங்களுக்கு.
மூன்று சாக்கு இல்லை. யோசிக்கணும் இல்லை.
இருக்கட்டும் என்கிற சொல்லே வாயில் இல்லை.
ஸ்கூல் வராந்தாவில் பெஞ்சுக்கு மேல் பெஞ்சு போட்டு
விடிகிறவரை உட்கார்ந்திருந்தோம்.
விடிந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.
ரேஷன் கார்டு இல்லை. நகை இல்லை.
டிவி மண்ணுக்குள் போயிருந்தது.
அதன் ரிமோட்டை
விரல் வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது.
தூக்கத்திலேயே அவளைத் தூக்கி வந்தது அவள் அப்பா.
நான் தூக்கி வந்தது இது.

பழைய டிவிதான், போடு என்றேன்.
வேண்டாம் சாக்கில் அது விழுந்த சத்தம்
குடை விழுந்த சத்தத்தைவிடப் பெரிதில்லை.

ஐந்தரை பஸ்ஸுக்குப் புறப்படும்போது
என்னம்மா ஒரு மாதிரி இருக்கே என்றாள்.
தூசி என்றேன்.
மழைத்தூறலில் நின்றுகொண்டு தூசி என்றேன்.

ராத்திரி அவர் வந்து பீரோவைத் திறந்தார்.
துணி நமுத்துப் போகாமலிருக்க
உள்ளே எப்போதும் எரியும் நாற்பது வாட் பல்பு.
மேல்தட்டும் நடுத்தட்டும் காலி.
எதற்கு இனி இது, அணைக்கவா என்றார்.

மஞ்சளாய், கதகதப்பாய்
வெறும் பலகையைக் காயவைத்துக்கொண்டிருந்தது பல்பு.

இருக்கட்டும் என்றேன்.